எல்லாம் முடியும் என்றால் கதை முடிந்தது

பினாங்கில் ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை. வாரக் கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். சங்கம், பதிவு, தலைவர், பொருளாளர் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு தே தாரிக், ஆளுக்கொரு வாய், அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்த தம்பி ஒருவன் தான் எழுதிய அறிவியல் கதையை மேசையில் வைத்தான். அச்செடுத்த பதினாலு பக்கம். ஓரத்தில் ரொட்டி சானாய் எண்ணெய் படாமல் பக்கத்துக்குப் பக்கம் அவனே திருப்பிக் காட்டினான்.

கதை இது. ஜெலுத்தோங் பிளாட்டில் குடியிருக்கும் ஓர் இளைஞனுக்கு வேற்றுக்கோள் மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் காலத்தை நிறுத்தலாம், பறக்கலாம், அடுத்தவர் மனத்தைப் படிக்கலாம், காயத்தை ஆற்றலாம். இத்தனையும் மூன்றாம் பக்கத்துக்குள். கொம்தார் கோபுரத்துக்கு மேலே எதிரிக் கப்பல் வந்து நிற்கிறது. ஊர் எரிகிறது, தங்கையைத் தூக்கிப் போகிறார்கள். பதினாலாம் பக்கத்தில் நாயகன் காலத்தை நிறுத்துகிறான், கப்பலை உடைக்கிறான், தங்கையை மீட்கிறான். முற்றும்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "மூணாம் பக்கத்துலயே காலத்தை நிறுத்த முடிஞ்சவன், பதினாலாம் பக்கம் வரைக்கும் ஏன் காத்திருந்தான்?"

தம்பி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்புறம் கதை வேணாமா, அண்ணே?"

மேசையே சிரித்தது. சிரித்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் தம்பிக்குப் பரிந்து பேசினார். "அறிவியல் கதைன்னா அப்படித்தான்யா. அதுல எல்லாம் முடியும். நம்ம புராணம் முழுக்க அதுதானே? அளவு வை, விதி வைன்னு சொல்றது வெள்ளைக்காரன் வாத்தியார்த்தனம்." இன்னொருவர் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கைத் துணைக்கு அழைத்தார். மூன்றாமவர் ரஜினியைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் நான் தனி ஆள் ஆகிவிட்டேன்.

அன்று கேட்டது அந்த மேசையின் குரல் மட்டும் அல்ல. தமிழில் அறிவியல் கதை எழுதுகிறவர்களிடமும் படம் எடுக்கிறவர்களிடமும் வேர்விட்டுப்போன எண்ணம் அது: சக்தி கூடக்கூட விறுவிறுப்பும் கூடும். இது தவறு என்று அன்றைக்குச் சொன்னேன். பதில் சொல்ல எனக்கு அன்று கிடைத்தது அரைக் கோப்பை தேநீர் நேரம். மீதியை இங்கே சொல்கிறேன்.

முதலில், விறுவிறுப்பு என்பது என்ன? இயக்குநர் ஹிட்ச்காக் தன்னைப் பேட்டி கண்ட த்ரூஃபோவிடம் சொன்ன விளக்கத்தைச் சினிமாக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் அறியாமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடத் தவிப்பு. இதில் மோதிரக்காரத் தம்பியின் நாயகனை உட்கார வையுங்கள். காலத்தை நிறுத்தித் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, குண்டை எடுத்துக் கடலில் எறிந்துவிட்டு வருவான். தவிக்க நமக்கு என்ன இருக்கிறது? ஒருவனுக்கு வேண்டியதற்கும் அவனால் முடிந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் விறுவிறுப்பு குடியிருக்கிறது. அந்த இடைவெளியை மந்திரத்தால் அடைத்துவிட்டால் அது குடி பெயர்ந்துவிடும்.

இதற்குப் பினாங்கிலேயே சான்று உண்டு. ஜெலுத்தோங் கரையில் நின்று தெற்கே பார்த்தால் பாலம் தெரியும். 1985இல் அது திறக்கும் வரை தீவிலிருந்து பெருநிலத்துக்கு வண்டியோடு போக ஃபெரி ஒன்றே கதி. பட்டர்வொர்த்தில் சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க ஓடும் மகன் ஃபெரியைத் தவறவிட்டான் என்று எழுதினால் போதும், வாசகன் துடிப்பான். பாலம் வந்ததும் அந்தத் துடிப்பு செத்துவிட்டதா? இல்லை. பாலத்துக்கு டோல் இருக்கிறது, மாலை ஆறு மணி நெரிசல் இருக்கிறது, நடுவில் ஒரு லோரி பழுதாகி நின்றால் பதிமூன்றரை கிலோமீட்டரும் உறைந்துபோகும். அதே மகனை அந்தப் பாலத்தின் நடுவில் மாட்டிவிட்டு எழுதலாம். பாலம் மாபெரும் சக்தி, ஆனால் விலையும் எல்லையும் உள்ள சக்தி. தம்பியின் மோதிரத்தில் டோலும் இல்லை, நெரிசலும் இல்லை. என் சண்டை சக்தியோடு அல்ல, டோல் இல்லாத சக்தியோடு.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பலமானதிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை.

நம் புராணங்கள் அளவற்ற மந்திரத்தால் ஆனவை, அளவு கேட்பது மேல்நாட்டுப் பழக்கம் என்கிறார் பெரியவர். புராணத்தை நாம் காலண்டர் படத்தில் பார்த்தே பழகிவிட்டோம், கதையாகப் படிக்க மறந்துவிட்டோம் என்பதற்கு இந்த வாதமே சாட்சி. நம் புராணங்களில் அளவில்லாத வரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். கும்பகருணன் பெற்ற வரத்தோடு தூக்கமும் சேர்ந்து வந்தது. தேவர், அசுரர் எவராலும் சாகக் கூடாது என்று கேட்ட இராவணன், மனிதனை அற்பம் என்று விட்டுவிட்டான். அந்த விட்டுப்போன ஒற்றை வார்த்தையின் வழியாகத்தான் ஒரு காவியமே உள்ளே நுழைந்தது. எவர் தலையைத் தொட்டாலும் அவர் எரிந்துபோவார் என்ற வரத்தில் பஸ்மாசுரனின் சொந்தத் தலைக்கு விலக்கு எழுதப்படவில்லை.

இரணியனை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பன் தன் காவியத்துக்குள் கொண்டுவந்து விரித்து எழுதினான். மனிதனாலும் இல்லை, விலங்காலும் இல்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வக்கீல் வைத்து எழுதிய பத்திரம் போல இரணியன் ஒவ்வொரு கதவாக அடைக்கிறான். அவன் அடைக்க அடைக்க நமக்கு மூச்சு முட்டுகிறது, இனி எந்தச் சந்து மிச்சம் என்று. விடை அந்தி நேரத்தில், வாசற்படியில், பாதி சிங்கமாக வருகிறது. நரசிங்கம் வரத்தின் எந்த வரியையும் மீறவில்லை. மீறியிருந்தால் அது வெறும் அடிதடி. வரத்தின் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டே அவனை முடித்ததால்தான் கதை. கடவுளுக்கே அங்கே விதி உண்டு. தம்பியின் நாயகனுக்கு மட்டும் இல்லை.

இதைவிடக் கூர்மையான இடம் கர்ணன் கதை. கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்துவிட்டு இந்திரனிடமிருந்து அவன் வாங்கிய சக்தி ஆயுதம் தப்பவே தப்பாது, ஆனால் ஒரே ஒரு முறைதான். இந்த ‘ஒரே ஒரு முறை’ என்பதைக் கையால் மறைத்துவிட்டு மகாபாரதத்தைப் படித்துப் பாருங்கள். களத்தில் இறங்கிய முதல் நாளே அருச்சுனன் மேல் எறிந்துவிட்டுக் கர்ணன் வீட்டுக்குப் போகலாம், மறுநாள் வேறொருவன் மேல் மறுபடி எறியலாம். அந்த நிபந்தனை இருப்பதால்தான் பதினாலாம் நாள் இரவுப் போர் அப்படிக் கனக்கிறது. கடோற்கசன் வானத்திலிருந்து மாயப்போர் செய்து கௌரவர் படையைத் துவைக்கிறான். எறி, இப்போதே எறி என்று எல்லோரும் கர்ணனை நெருக்குகிறார்கள். அருச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கர்ணன் எறிகிறான். கடோற்கசன் விழுகிறான். பாண்டவர் அழுகிறார்கள், கண்ணன் ஒருவன் மட்டும் மகிழ்கிறான். அவன் மட்டும்தான் கணக்கு வைத்திருந்தவன்: கையிருப்பு ஒன்று, செலவு ஒன்று, மிச்சம் பூச்சியம். இதற்கு மேல் ஒரு விறுவிறுப்பை எந்த விண்வெளிக் கதை காட்டிவிட்டது? அளவு கேட்பது வெள்ளைக்காரன் வழக்கம் என்றால் இந்தக் கணக்கை யார் எழுதியது?

அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் எளிய சான்று, வேதாளம். விடை தெரிந்தும் பேசாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மறுபடி மரத்துக்கு ஏறிவிடும். இரண்டே விதி. அந்த இரண்டு விதிகளை வைத்து ஒரு தலைமுறை முழுவதையும் மாதா மாதம் காத்திருக்க வைத்தார்கள். விக்கிரமாதித்தன் கையில் வாள் இருந்தது, தோளில் வலு இருந்தது. அவை எதற்கும் பயன்படாத இடத்தில் அவனை நிறுத்தியதுதான் கதைக்காரனின் சாமர்த்தியம்.

அடுத்தது கிளார்க். போதிய அளவு வளர்ந்த தொழில்நுட்பத்தை மந்திரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்பது அவருடைய மூன்றாம் விதி. ஆகவே அறிவியல் கதையில் மந்திரம் போடலாம், கணக்குக் கேட்கக் கூடாது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். கிளார்க் சொன்னது வேடிக்கை பார்ப்பவனின் நிலைமை. பொறியைப் புரியாதவன் கண்ணுக்கு அது மந்திரமாகத் தெரியும். செய்தவனுக்குத் தெரியாது. கதையில் பொறியைச் செய்தவன் யார்? எழுத்தாளன். அவனும் வாசகனோடு சேர்ந்து வாய் பிளந்து நின்றால் கடையை யார் பார்ப்பது?

கிளார்க்கின் கை எப்படி வேலை செய்தது என்று பார்த்தாலே இது விளங்கும். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் கொழும்பிலேயே கண் மூடியவர் அவர். நம் தெற்காசிய மண்ணில் உட்கார்ந்து எழுதியவர். பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு லிஃப்ட் கட்டுவது பற்றி 1979இல் ஒரு நாவல் எழுதினார். அதன் களம் இலங்கையை அச்சாக வைத்து அவர் வரைந்த ஒரு தீவு. வானத்துக்கு லிஃப்ட் கட்டுமளவுக்கு வளர்ந்த மனிதர்கள் என்றால் அதைவிடப் பெரிய மந்திரம் எது? ஆனால் உச்சக்கட்டத்தில் அவர் நம்மை எதைப் பார்க்க வைக்கிறார்? மேலே சிலர் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு மூச்சுக்காற்று குறைந்துகொண்டே வருகிறது. அவர்களிடம் ஏறிப்போகும் சிறு வண்டியின் மின்கலத்துக்கு ஓர் அளவு. தீர்ந்த மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும், அது கழல மறுக்கிறது. ஏறிப்போகிற பொறியாளனின் இதயமோ பலவீனமானது. இத்தனை பெரிய கோபுரத்தைக் கட்டிவிட்டு, நம் உயிரை ஒரு மின்கலத்தில் தொங்கவிடுகிறார். அவர் விதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர் கதையையும் ஒரு தடவை படிக்கலாம்.

அவருக்கு முன்பே எச்.ஜி. வெல்ஸ் இதை உடைத்துச் சொல்லிவிட்டார். 1930களில் தன் நாவல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், நடக்க முடியாத ஒன்றை மட்டும் வாசகனை ஏற்க வைக்க வேண்டும், மற்றவை எல்லாம் நாம் அறிந்த உலகமாகவே இருக்க வேண்டும், எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில் எதிலும் சுவை இருக்காது என்ற கருத்தை வைத்தார். 1897இல் அவர் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் அதற்குச் செயல்விளக்கம். மறையும் சக்தி கிடைத்தால் என்னென்ன செய்யலாம் என்று நாமெல்லாம் பள்ளி நாளில் கனவு கண்டிருக்கிறோம். வெல்ஸ் அந்தக் கனவைக் குளிரில் நிறுத்துகிறார். உடம்புதான் மறையும், துணி மறையாது. ஆகவே லண்டனின் ஜனவரிக் குளிரில் அவன் அம்மணமாக நடக்க வேண்டும். பனி மேலே விழுந்தால் உருவம் தெரிந்துவிடும். தின்ற சோறு செரிக்கும் வரை வயிற்றில் தொங்குவது தெரியும். காலில் சேறு பட்டால் தடம் தெரியும். நாய்க்கு மோப்பம் தெரியும். ஒரே ஒரு சக்தி, அதற்கு இத்தனை டோல். நூறாண்டு கடந்தும் அந்தக் கதை பழசாகாததற்கு அவன் மறைந்தது மட்டும் காரணம் இல்லை. அவன் நடுங்கியதும் காரணம்.

தமிழுக்கு வருகிறேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டது எது? நாட்டையே பிடியில் வைத்திருக்கும் ஆட்சியின் பெரிய இயந்திரங்களா? ஜீனோ என்ற குட்டி இயந்திர நாய். கையில் தூக்கிக்கொள்ளலாம் போன்ற உடம்பு, புத்தகம் படித்து வளர்த்துக்கொண்ட புத்தி, வாய் நிறைய நக்கல். சுவரை இடிக்க அதனால் முடியாது. அந்தச் சிறிய உருவம் அவ்வளவு பெரிய அதிகாரத்தின் முன்னால் நிற்பதைப் பார்த்துத்தான் வாரா வாரம் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜீனோவுக்கு ஏவுகணை பொருத்தியிருந்தால் தொடர் மூன்றாம் வாரமே நின்றிருக்கும்.

அதே சுஜாதாவின் கைபட்ட ‘எந்திரன்’ 2010இல் வந்தது. அதில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் இடம், தீப்பிடித்த குடியிருப்பு. சிட்டி உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து ஊர் நடுவில் நிறுத்துகிறான். வெட்கம் என்ற ஒன்று அவன் நினைவகத்தில் இல்லை. கூசி ஓடும் அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். தீ அவனை ஒன்றும் செய்யவில்லை, கூச்சம் தோற்கடித்தது. படம் முழுக்க உண்மையாகவே நெஞ்சை அடைத்த காட்சி இதுதான். இரண்டாவது இடம், உச்சக்கட்டம். நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகிறார்கள், பாம்பாகிறார்கள், மலை போன்ற மனிதனாகிறார்கள். கண் விரிந்தது, கை தட்டினோம். பயந்தோமா? அடுத்து எந்த வடிவமும் வரலாம் என்று தெரிந்த பிறகு எந்த வடிவத்துக்கும் நாம் பயப்படவில்லை. கணினி முன் உட்கார்ந்து கட்டளை தட்ட அத்தனையும் அடங்கியது. வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவது போலப் போனோம்.

காலப்பயணப் படங்கள் இதை இன்னும் துல்லியமாகக் காட்டும். 2015இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’யில் பெரிய உலகத்தைக் காக்கும் வேலை ஒன்றும் இல்லை. காலப்பொறி கிடைத்த இரண்டு பேர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். ஒரு முறை கடந்த காலத்தில் அவர்கள் செய்த கோளாறால், செத்திருக்க வேண்டிய ரவுடி உயிரோடு தப்பிவிடுகிறான். அதிலிருந்துதான் படம் ஓட்டம் எடுக்கிறது. சக்தியே சங்கடத்தைப் பெற்றுப் போடுகிறது. அடுத்த ஆண்டு வந்த ‘24’இன் கைக்கடிகாரம் முதலில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்தான் போய்வர முடியும். அந்த எல்லைக்குள் நடந்த விளையாட்டு சுவையாக இருந்தது. எல்லை உடைந்து இருபத்தாறு வருடம் பின்னால் போய் நடந்த சாவுகளையே துடைத்துவிட முடியும் என்றானதும், முதல் காட்சிகளில் நாம் அந்தச் சாவுகளுக்காகப் பட்ட வருத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

2021இல் வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ வேறொரு பாடம். நாயகன் சாகும்போதெல்லாம் அதே நாள் திரும்பத் தொடங்குகிறது. இதில் ஒரு ஆபத்து உண்டு: செத்தால் பரவாயில்லை, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாமும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். அப்படிச் சாய்கிற நேரம் பார்த்து எஸ்.ஜே. சூர்யாவின் வில்லனையும் அதே சுழலில் மாட்டிவிடுகிறார்கள். அவனுக்கும் ஒவ்வொரு சுற்றும் நினைவிருக்கிறது. அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாயகனின் சக்தி ஒரு குன்றிமணி கூடக் கூடவில்லை. அது அவனுக்கு மட்டும் சொந்தம் என்ற சலுகைதான் பறிபோனது. விறுவிறுப்பு ஏற வேண்டுமானால் நாயகனிடமிருந்து எடுங்கள், கொடுக்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, ரஜினி? அவர் ஜெயிப்பார் என்று தெரிந்தேதானே போகிறோம், அப்புறம் என்ன விறுவிறுப்பு என்றார் மூன்றாமவர். நல்ல கேள்வி. பதில் 1995இன் ‘பாட்ஷா’விலேயே இருக்கிறது. ஆட்டோக்கார மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். அவர் யார் என்பதை நம் உள்மனம் மோப்பம் பிடித்துவிட்டது. ஒரு உதறு உதறினால் போதும், உதறவில்லை. கொடுத்த வாக்கு கையைக் கட்டியிருக்கிறது. அந்தக் காட்சியில் கயிறு கட்டியிருப்பது உடம்பை, வாக்கு கட்டியிருப்பது சக்தியை. எப்போது அவிழும் என்றுதான் இருக்கை நுனிக்கு வந்தோம். இடைவேளைக்கு முன் அத்தனை நேரம் அடக்கி வைத்த படம் அது. முதல் காட்சியிலேயே அவர் எல்லோரையும் பறக்க விட்டிருந்தால் ‘பாட்ஷா’வுக்கு இந்த வயது வந்திருக்காது. யார் ஜெயிப்பார் என்பது தெரிந்திருக்கலாம். எதைக் கொடுத்து ஜெயிப்பார் என்பது தெரியாமல் இருக்க வேண்டும்.

எல்லை வைக்காமல் எழுதத் தொடங்கியவன் பாதியில் படும் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, நாயகனுக்குத் திடீரென்று மறதி வரும். மோதிரம் விரலில் இருக்கும், நினைவில் இருக்காது. தம்பியின் கதையில் நாலாம் பக்கத்திலிருந்து பதிமூன்றாம் பக்கம் வரை நடந்தது இதுதான். இல்லையென்றால் வில்லனுக்கு இன்னும் பெரிய சக்தி. அதை வெல்ல நாயகனுக்கு அதைவிடப் பெரிய சக்தி. இதற்கு முடிவே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் வாழைமரப் படம் போட்ட நோட்டை அடித்துக் குவித்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்தார்கள். கடைசியில் மூட்டை நோட்டுக்கு மூன்று முட்டை கிடைக்கவில்லை, ஜப்பான்காரன் போன மறுநாள் அது வெறும் காகிதம். கதையில் சக்தியை அச்சடித்துக் குவிப்பவனுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு புது சக்தியும் பழைய சக்தியின் மதிப்பைக் குறைக்கும்.

இந்த நோயை உணர்ந்து கைமருந்து தேடியவர்களும் உண்டு. சூப்பர்மேனை அசைக்க ஒன்றுமில்லை என்றானபோது, 1943இல் வானொலித் தொடரில் அவனை முடக்கும் கல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் எந்தப் பூட்டையும் திறக்கும் மாயத் திருப்புளி ஒன்று இருந்தது. அது கையில் இருக்கும் வரை நாயகனை எந்த அறையிலும் அடைத்து வைக்க முடியவில்லை. எழுதுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. 1982இல் கதைக்குள்ளேயே அதை உடைத்துப் போட்டார்கள். தங்கள் நாயகனின் ஆயுதத்தைத் தாங்களே உடைக்கும் துணிச்சலும் எழுத்துத் தொழிலில் சேர்ந்ததுதான்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது சொல்லுமுன் இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கதைக்கும் விறுவிறுப்பு தேவையில்லை. வியப்புக்காக மட்டும் எழுதப்படும் கதை உண்டு, தத்துவத்துக்காக எழுதப்படுவது உண்டு. அங்கே சித்தர் காற்றில் நடக்கட்டும், நான் கணக்குக் கேட்க மாட்டேன். ஆனால் தங்கையைத் தூக்கிப் போனார்கள், நேரம் ஓடுகிறது, ஊர் எரிகிறது என்று எழுதிவிட்டால் நீங்கள் விறுவிறுப்புக் கடை திறந்துவிட்டீர்கள். திறந்த கடையில் சரக்கு இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லை வேண்டும் என்று சொல்வதால் விளக்கம் வேண்டும் என்று கேட்கவில்லை. மோதிரம் எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பக்கம் இயற்பியல் யாருக்கும் வேண்டாம். எப்போது வேலை செய்யாது என்று ஒரு வரி போதும். வேதாளம் ஏன் பிணத்துக்குள் புகுந்தது என்று நாம் கேட்கவில்லை. பேசினால் பறந்துவிடும் என்பது தெரிந்திருந்தது, போதும்.

எல்லையற்ற சக்தியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த ஊருக்குப் பெயர் தந்த மரம் ஞாபகத்துக்கு வரும். ஜெலுத்தோங் மரத்துப் பாலை ஒரு காலத்தில் சுவிங்கத்துக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். வாயில் போட்டதும் இனிக்கும். இனிப்பு ஐந்து நிமிடம், மெல்லுவது ஐம்பது நிமிடம். விழுங்கவும் முடியாது, வயிறும் நிறையாது. எல்லாம் முடிந்த நாயகனின் கதையும் மூன்றாம் பக்கம் வரை இனிக்கும். மீதிப் பதினொரு பக்கமும் தாடைக்கு வேலை.

இதில் அன்று சொல்ல முடிந்ததை நான் சொல்லி முடித்தபோது மேசையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர், "உனக்குக் கற்பனை பத்தலை லா" என்று எழுந்து போனார். தம்பி மட்டும் கதையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆறு வாரம் கழித்து வந்தான். மோதிரம் இல்லை, கப்பல் இல்லை, கொம்தார் பத்திரமாக இருந்தது. நாலே பக்கம். வாசித்தான்.

சனிக்கிழமை காலை. வேலை போய் இரண்டு மாதமான ஒருவன் ஒட்டுக்கடையில் ஒரு நாசி லெமாக் பொட்டலம் வாங்குகிறான். பிரித்துத் தின்றுவிட்டுக் கசக்கி எறியப் போகும்போது சுற்றிய பத்திரிகைத் தாளின் தேதி கண்ணில் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை. நாளைய தாள். அதில் இன்று இரவு குலுக்கப் போகும் நாலு நம்பர் லாட்டரியின் முதல் பரிசு எண் அச்சாகியிருக்கிறது. மூன்று எண் பளிச்சென்று தெரிகிறது. நாலாவது எண்ணின் மேல் சம்பல் கறை. நகத்தால் சுரண்டுகிறான், தாள் கிழிகிறது.

பெரியவர் குறுக்கிட்டார். "இதுல என்னா இருக்கு? பூச்சியத்துலேர்ந்து ஒம்போது வரைக்கும் பத்து நம்பர்தானே? நம்பருக்கு ஒரு வெள்ளி, பத்து வெள்ளிக்குப் பத்தையும் எழுதிட்டுப் போறான்."

"அவன் கையில எட்டு வெள்ளிதான் இருக்கு, ஐயா."

மேசை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடன் கேட்கலாம் என்றார் ஒருவர். யாரிடம், என்ன சொல்லிக் கேட்பான், சொன்னால் அவனும் போய் எழுதமாட்டானா என்றார் இன்னொருவர். நாசி லெமாக் வாங்காமல் இருந்திருந்தால் இரண்டு வெள்ளி மிஞ்சியிருக்கும் என்றார் ரஜினி கட்சிக்காரர். வாங்காமல் இருந்தால் தாளே கிடைத்திருக்காது என்று தம்பி சொன்னதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரியவர் வாயே திறக்கவில்லை. தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்த கடுதாசியை உருவி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பூச்சியம் முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதினார். ஏழு என்ற எண்ணை அடித்தார். கொஞ்சம் யோசித்து அடித்ததன் மேலேயே மறுபடி ஏழு என்று எழுதினார். நாலுக்கு மேல் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"டேய்," என்றார் தம்பியை நிமிர்ந்து பார்க்காமல், "எந்த ரெண்டை விடறான்?"